ஓடுகிறவரை விடுங்கள், முன்னால் நிற்கிற ஐந்து பேரைப் பாருங்கள்

கேள்வி: ரீச்சர், என் தம்பி குடும்பத்தோடு பிலடெல்பியாவில் இருக்கிறான். அவனால் எனக்கும் அந்த ஊர் அமெரிக்கன் புட்போல் அணியான ஈகிள்ஸில் பைத்தியம். எங்கள் நேரம் ஞாயிறு இரவு பத்தரைக்கு அவன் அங்கே ரீவிக்கு முன்னால் குந்த, நான் இங்கே போனில் பார்ப்பேன். 2024 பருவத்தில் சேக்வான் பார்க்லி பந்தோடு வெளிக்கிட்டால் பிடிக்க ஆளில்லை. 2025 இல் அதே மனுசன் இரண்டு எட்டு வைக்கமுதல் விழுகிறார். ஆளுக்கு வயது போய்விட்டது என்கிறான் தம்பி. அப்படித்தானா?
- ப. ச., உப்புவெளி

பதில்: தம்பி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஓட்டம் சறுக்கினால் எல்லாரும் முதலில் பிடிப்பது ஓடுகிறவரைத்தான். பார்க்லியின் கணக்கையே எடுத்துப் பாருங்கள். 2023 இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியில் 247 தரம் ஓடி 962 யார்ட் எடுத்தார். ஓர் ஓட்டத்துக்கு 3.9. அடுத்த வருடம் ஈகிள்ஸுக்கு வந்து 345 தரம் ஓடி 2,005 யார்ட். ஓர் ஓட்டத்துக்கு 5.8. நாலு முயற்சிக்குள் பத்து யார்ட் கடக்க வேண்டிய விளையாட்டு இது. 3.9 என்றால் மூன்று ஓட்டம் தேவை, 5.8 என்றால் இரண்டு போதும். இந்த ஒரு வருடத்தில் பார்க்லிக்கு வயது கூடத்தான் செய்தது. மாறியது எதிராளிகளைத் தள்ளி வழிவிட அவருக்கு முன்னால் நின்ற ஐந்து பேர், அவர்களைத்தான் லைன் என்பார்கள். ஜயன்ட்ஸ் அணி அந்த 2023 பருவத்தில் பந்தை எறிகிற தன் குவார்ட்டர்பாக்குகளை 85 தரம் பந்தோடு மடக்க விட்டிருந்தது. அப்படியான லைனுக்குப் பின்னால் யார் ஓடினாலும் அந்தக் கணக்குத்தான் வந்திருக்கும்.

2024 இல் ஈகிள்ஸ் லைனில் இடமிருந்து வலமாக மைலாட்டா, டிக்கர்சன், ஜேர்கன்ஸ், பெக்டன், லேன் ஜோன்சன். அந்த ஐவரோடுதான் 2025 பெப்ரவரியில் சீஃப்ஸ் அணியை 40-22 என்று அடித்து, பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் போலில் கிண்ணம் எடுத்தார்கள். அடுத்த பருவத்துக்கு பெக்டன் மட்டும் சார்ஜர்ஸ் அணிக்குப் போனார், அவருடைய இடத்துக்கு டைலர் ஸ்டீன் வந்தார். பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் நாலு பேர் பழைய ஆட்கள்தானே என்று தோன்றும். ஆனால் நடுவில் நிற்கும் ஜேர்கன்ஸ் முதுகில் சத்திரசிகிச்சை செய்துவிட்டு வந்தவர். அவருக்கு இடப்பக்கம் டிக்கர்சன், பருவம் தொடங்க முதல் ஓகஸ்டில் முழங்காலில் சத்திரசிகிச்சை. நவம்பரில் லேன் ஜோன்சனும் பாதத்தில் அடிபட்டு வெளியே போனார்.

முதுகும் முழங்காலும் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்திருப்பீர்கள். முழங்காலை நிமிர்த்தினவனைத்தான் மற்றப் பக்கம் முதலில் இழுத்துக்கொண்டு போகும். லைனிலும் அதுதான். 140 கிலோ உடம்பென்றாலும் இடுப்பு உயர்ந்துவிட்டால் எதிராளியின் கை நெஞ்சுக்குக் கீழே புகுந்துவிடும், பிறகு பின்னால்தான் போக வேண்டும். நோவுள்ள முதுகு குனிய மறுக்கும். ரீவியில் பார்க்கிறவர்களுக்கு ‘தள்ள ஏலாமல் நிற்கிறான்’ என்று மட்டும் தெரியும்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். எதிரணியின் நடு ஆள் பெரிய மலை போல நிற்பார். அவரை ஒருவர் தனியே அசைக்க ஏலாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர், தோளும் இடுப்பும் முட்ட, சேர்ந்து தள்ளுவார்கள். இரண்டு எட்டுத் தள்ளியதும் ஒருவர் மட்டும் கழன்று, எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பாக்கரைப் பிடிக்கப் போகவேண்டும். யார் கழல்வது, எப்போது கழல்வது? அந்த நேரத்தில் கதைக்க முடியாது. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று தோளால் உணர்ந்துதான் போகவேண்டும். அரை எட்டு முந்திப் போனால் மலை திரும்பி பார்க்லியை அங்கேயே விழுத்தும். அரை எட்டுப் பிந்தினால் லைன்பாக்கர் வந்து விழுத்துவார். இந்தக் கணக்கு ஒருவரோடு ஒருவர் நெடுநாள் பக்கத்தில் நின்றால்தான் கைவரும். ஒரு கிழமை ஜேர்கன்ஸ் இல்லை, இன்னொரு கிழமை டிக்கர்சன் இல்லை என்றால் வருகிற மாற்று ஆள் கெட்டிக்காரனாக இருந்தும் பிரயோசனமில்லை.

எதிரணியும் சும்மா நிற்காது. முன்னுக்கு ஏழு, எட்டுப் பேரைக் குவித்தால் தடுக்க ஆள் போதாது, ஒருவர் எப்படியும் மிஞ்சுவார். குவார்ட்டர்பாக் ஜேலன் ஹேர்ட்ஸ் தானே பந்தை வைத்துக்கொண்டு ஓடுவார் என்ற பயம் இருந்தால் அந்த மிஞ்சின ஆள் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 2025 இல் ஹேர்ட்ஸ் முன்னைவிடக் குறைவாகவே ஓடினார். மிஞ்சினவர் நேரே பார்க்லியிடம் வந்தார். முதல் முயற்சியில் இரண்டு யார்ட் பின்னால் போனால் அடுத்து எறிவார்கள் என்று மைதானம் முழுக்கத் தெரியும். பிறகு எறிதலும் கெடும். 2024 இல் ஈகிள்ஸுக்கு ஆட்டத் திட்டம் போட்ட கெல்லன் மூரும் கிண்ணம் எடுத்த கையோடு செய்ன்ட்ஸ் அணிக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார், அதுவும் ஒரு காரணம்.

பார்க்லி களைத்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. 345 ஓட்டமும் அதற்கு மேல் கிண்ணத்துக்கான பிளேஓஃப் ஆட்டங்களும் எந்த உடம்பையும் தேய்க்கும். ஆனாலும் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல், நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும் அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கும் கார்ட்களின் முதல் எட்டை மட்டும் பார்க்கட்டும். ஒருவர் முன்னேற மற்றவர் நின்ற இடத்திலேயே நின்றால், பார்க்லி எங்கே விழப்போகிறார் என்பதை அவர் விழ முதலே சொல்லிவிடுவான்.

கேள்வி: மகன் பாடசாலையில் ரக்பி விளையாடுகிறான், நல்ல உடம்பு. இந்த அமெரிக்க லைனில் ரக்பிக்காரர் நிற்க ஏலுமா ரீச்சர்?
- ம. நி., கிண்ணியா

பதில்: ஏலும். மேலே சொன்ன மைலாட்டா அவுஸ்திரேலியாவில் ரக்பி லீக் விளையாடியவர். அமெரிக்கன் புட்போல் ஓர் ஆட்டம்கூட ஆடாத அவரை 2018 இல், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 233 ஆவது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தது. முதல் ஆட்டம் ஆட 2020 வரை காத்திருந்தார். ரக்பியில் பந்தில்லாத ஆளை மறித்தால் பெனல்டி, அங்கே அதுதான் முழுநேர வேலை. அதனால் கை வேலையை அரிச்சுவடியிலிருந்து படிக்கவேண்டும். மகனிடம் ரக்பியை விடச் சொல்லாதீர்கள். ஸ்க்ரமில் முன்வரிசைக்குக் கூப்பிட்டால் மட்டும் மறுக்காமல் போகட்டும். குனிந்து தள்ளும் பழக்கம் அங்கேதான் வரும்.