ஸ்டேடியத்துக்கு யார் மொய் எழுதுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கான்சஸ் சிட்டி ஸ்டேடிய வரி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2024 ஏப்ரலில் மிசௌரி மாநிலத்தின் ஜாக்சன் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள், ஸ்டேடியங்களுக்கான அந்த விற்பனை வரியை வேண்டாம் என்று வாக்களித்ததைப் பாராட்டியிருந்தீர்கள். நூற்றுக்கு 58 பேர் மறுத்தார்கள், சரி. விளைவு என்ன? அங்கே ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியான சீஃப்ஸ் மிசௌரியை விட்டு எல்லை தாண்டி கான்சஸ் மாநிலத்துக்குப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பணம் மிச்சம், அணி போச்சு. இதை வெற்றி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நான் பல வருடங்களாக சின்சினாட்டிக்குப் பக்கத்தில் மேசனில் இருக்கிறேன். வந்த புதிதில் அமெரிக்கக் கால்பந்தின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகனுக்காகப் பார்க்க ஆரம்பித்தேன். 2022 ஜனவரியில் எங்கள் சின்சினாட்டி அணியான பெங்கால்ஸ் அதே கான்சஸ் சிட்டி அணியைத் தோற்கடித்து சூப்பர் பௌல் இறுதிப்போட்டிக்குப் போன இரவு, அதுவரை தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இதற்கு யாராவது விலை போட முடியுமா?

நூலகம், பூங்கா எதுவும் லாபத்துக்காக நடப்பதில்லை. ஸ்டேடியத்தை மட்டும் ஏன் லாப நஷ்டக் கணக்கு பார்த்து அடிக்கிறீர்கள்? இங்கே ஸ்டேடியத்துக்காக டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரி. மனமாரக் கொடுக்கிறோம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பக்கத்து வீட்டுக்காரர் கட்டிப்பிடித்தது எந்தப் பொருளாதாரக் கணக்கிலும் வராதுதான். சொல்லப்போனால், ஸ்டேடியத்துக்கு அரசுப் பணம் கேட்பவர்கள் அடுக்கும் காரணங்களில் நேர்மையானது அது ஒன்றுதான். வேலை பெருகும், ஊர் வளரும், போட்ட காசு திரும்பி வரும் என்பதையெல்லாம் 1997இல் பொருளாதார அறிஞர்கள் ரோஜர் நோலும் ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்டும் தொகுத்த ஆய்வு நூலிலேயே பிரித்து மேய்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையேதான் சொல்கின்றன. என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கக் கால்பந்து லீகின் ஓர் அணி முறைப்படியான சீசனில் சொந்த மைதானத்தில் ஆடுவது எட்டு அல்லது ஒன்பது ஆட்டம். அங்கே செலவாகும் டாலரில் பெரும்பகுதி, இல்லாவிட்டால் அதே ஊரின் ஹோட்டலிலோ சினிமாவிலோ செலவாகியிருக்கும். எனவே வளர்ச்சிப் பேச்சை ஓரம் வைத்துவிட்டு, நீங்கள் சொல்லும் சந்தோஷத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

மனமாரக் கொடுக்கிறோம் என்கிறீர்கள். மேசன் இருப்பது வாரன் கவுண்டியில். அந்த அரை சென்ட், சின்சினாட்டி இருக்கும் ஹாமில்டன் கவுண்டியின் வரி. அங்கே போய் ஏதாவது வாங்கினால் உங்களுக்கும் அது உண்டு. மற்றபடி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சந்தோஷத்துக்கு மொய் எழுதுவது ஹாமில்டன்காரர்கள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் இருக்கும் ரசிகர்களுக்கும் இதே சலுகை. சின்சினாட்டி நகருக்குள் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்க வழியில்லாத ஒரு தாய், பிள்ளைக்கு ஷூ வாங்கும்போது அந்த அரை சென்ட்டைக் கட்டுகிறாள். (நீங்களும் வேறு வழியில் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்கிறீர்கள். ஸ்டேடியக் கடன் பத்திரங்களின் வட்டிக்கு வருமான வரி விலக்கு உண்டு. 2000க்குப் பிறகு கட்டிய ஸ்டேடியங்களுக்காக மத்திய அரசு இப்படி இழந்தது 320 கோடி டாலர் என்று 2016இல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தினர் கணக்கிட்டார்கள். அது அமெரிக்கா முழுவதற்கும் பொதுச்செலவு.)

ஹாமில்டன் கதையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1995 நவம்பரில் அதே ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரின் பிரௌன்ஸ் அணி பால்டிமோருக்குப் போவதாக அறிவித்தது. அந்தப் பீதி அடங்குவதற்குள், 1996 மார்ச்சில், சின்சினாட்டியில் வாக்கெடுப்பு. பெங்கால்ஸுக்கு ஒன்று, பேஸ்பால் அணியான ரெட்ஸுக்கு ஒன்று என இரண்டு ஸ்டேடியம், அதற்கு அரை சென்ட் வரி. இனிப்பு தடவ, வீட்டுக்காரர்களுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார்கள். மக்கள் தாராளமாக ஆதரித்தார்கள். அதற்குப் பின் கையெழுத்தான குத்தகை ஒப்பந்தம்தான் விஷயமே. கட்டடம் கவுண்டிக்குச் சொந்தம். அதாவது பழுதும் பராமரிப்பும் கவுண்டி தலையில். மற்ற அணிகளின் ஸ்டேடியங்களில் புது வசதி ஏதாவது வந்துவிட்டால் இங்கேயும் கவுண்டி செலவில் வாங்கி மாட்ட வேண்டும் என்று இருந்தது. அப்படி வரக்கூடிய வசதிகளின் பட்டியலில் ஹோலோகிராம் மறு ஒளிபரப்பு இயந்திரம் ஒன்றும் இருந்தது. அந்தரத்தில் முப்பரிமாணமாக ஆட்டத்தைத் திரும்பக் காட்டும் கருவி. அப்படி ஒன்று அப்போது எந்த ஸ்டேடியத்திலும் கிடையாது. இல்லாத பொருளுக்கு ஒரு கவுண்டி நிர்வாகம் கடன்பட்டுக் கையெழுத்துப் போட்டது!

வரி வசூல் எதிர்பார்த்தபடி வளரவில்லை. சொத்து வரித் தள்ளுபடியைக் குறைத்தார்கள். கவுண்டியின் கையிலிருந்த ஒரு பொது மருத்துவமனையை விற்றார்கள். இதெல்லாம் அணி மீது மக்களுக்கு அன்பு இருந்ததால் வந்த வினை என்று நான் சொல்லமாட்டேன். அணியின் உரிமையாளர் தரப்பு அந்த அன்பை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு பேரத்துக்கு உட்கார்ந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணின் ஜாதகத்தில் தோஷம் தெரிந்துவிட்டால் சீர் வரிசை எப்படி ஏறுமோ, அப்படி. 2025இல் போட்ட புது ஒப்பந்தம் பழையதைவிட எவ்வளவோ தேவலை. 47 கோடி டாலர் புதுப்பிப்புச் செலவில் அணி 12 கோடி தருகிறது. மிச்சம் 35 கோடி மறுபடியும் கவுண்டிதான்.

இனி கான்சஸ் சிட்டி. அணி போகிறது என்பது உண்மை, ஜாக்சன் கவுண்டிக்கு அது இழப்பும்தான். அதை வெற்றி என்று நான் எழுதவில்லை. வரி கேட்டார்கள், மக்கள் மறுத்தார்கள், அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஆனால் கொடுத்த ஊரின் கதையையும் பார்க்க வேண்டாமா? அதே மிசௌரியின் மறுகோடியில் செயின்ட் லூயிஸ் இருக்கிறது. முழுக்கப் பொதுப்பணத்தில் கூரை போட்ட அரங்கம் கட்டி 1995இல் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ராம்ஸ் அணியை அழைத்துவந்தார்கள். குத்தகையில் ஒரு வரி: குறிப்பிட்ட ஆண்டுகளில் இந்த அரங்கம் லீகின் தலைசிறந்த நான்கில் ஒரு பங்கு ஸ்டேடியங்களுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி குத்தகையிலிருந்து விலகிக்கொள்ளலாம். எல்லா ஊரும் போட்டி போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது இருபது வயது அரங்கம் முதல் எட்டில் எப்படி நிற்கும்? 2013இல் நடுவர் குழு அணியின் சுமார் 70 கோடி டாலர் புதுப்பிப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அரங்கத்தின் பொது நிர்வாகம் அவ்வளவு செலவழிக்க மறுத்தது. 2016இல் ராம்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கே திரும்பிப் போனது. அணி போன பிறகும் மாநிலமும் நகரமும் கவுண்டியுமாகச் சேர்ந்து வருடத்துக்கு 2.4 கோடி டாலர் கடன் கட்டிக்கொண்டிருந்தன. பிறகு வழக்குப் போட்டு 2021இல் 79 கோடி டாலர் வாங்கினார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வக்கீல்களுக்குப் போனது.

நூலகம், பூங்கா என்று கேட்டீர்களே. நூலகம் நம்மை வாசலில் நிறுத்தி நூற்றுக்கணக்கில் டாலர் கேட்பதில்லை. எனக்குப் புதுக் கட்டடம் கட்டித் தராவிட்டால் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுவதும் இல்லை. என்.எஃப்.எல். தன் அணிகளின் எண்ணிக்கையை 32இல் நிறுத்தி வைத்திருக்கிறது. அணி வேண்டும் என்று தவிக்கும் ஊர் ஒன்றாவது எப்போதும் வெளியே நிற்பதால்தான் அந்த மிரட்டல் பலிக்கிறது. கான்சஸ் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. இரண்டு மாநிலங்களும் கான்சஸ் சிட்டி வட்டாரத்தில் ஒருவர் நிறுவனத்தை மற்றவர் சலுகை காட்டி இழுப்பதில்லை என்று 2019இல் சமாதானம் செய்துகொண்டவை. இப்போது சீஃப்ஸ் போகப்போவது அதே பெருநகரத்துக்குள் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். அதே ரசிகர்கள் அதே காரில்தான் போவார்கள். புது ஸ்டேடியத்தின் சுமார் 300 கோடி டாலர் செலவில் பாதிக்கு மேல் கான்சஸின் எதிர்கால விற்பனை வரியை நம்பிய கடன் பத்திரம்.

பொதுப்பணமே கூடாது என்று நான் வாதாடவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே என்ற ஊரின் பேக்கர்ஸ் அணிக்கு முதலாளி கிடையாது. பங்குகள் லட்சக்கணக்கான சாதாரண ஆட்களிடம் இருக்கின்றன, லாப ஈவும் இல்லை. 2000ஆம் ஆண்டு அந்த ஊர் இருக்கும் கவுண்டியின் மக்கள் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க இதே அரை சென்ட் வரியை ஏற்றார்கள், கடன் தீரும் நிலை வந்ததும் 2015இல் வரி நின்றது. அந்த அணி எங்கும் ஓடாது. வேறு எந்த ஊரும் இப்படி அணி வைத்துக்கொள்ள லீகின் விதிகள் இடம்தருவதில்லை என்பதையும் கவனியுங்கள். பேக்கர்ஸ் மட்டும் கணக்கைப் பகிரங்கமாக வெளியிடுவதால்தான் நமக்கு ஒன்று தெரிகிறது: லீகின் பொது வருமானத்திலிருந்து ஒவ்வொரு அணிக்கும் இப்போது வருடத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல் போகிறது. ஒரு டிக்கெட்டும் விற்பதற்கு முன்பே.

கொடுத்தே ஆக வேண்டும் என்று ஓர் ஊர் முடிவு செய்தால், என் கவனம் அணியின் பெயரில் இருக்காது, ஒப்பந்தத்தில்தான் இருக்கும். 2022இல் பஃபலோ நகரின் பில்ஸ் அணிக்குப் புது ஸ்டேடியம் கட்ட நியூயார்க் மாநிலம் 60 கோடி டாலரும் அந்த ஊர் இருக்கும் ஈரி கவுண்டி 25 கோடியும் ஒதுக்கின. பெரிய தொகை, அதுவும் ஒரு கோடீசுவரக் குடும்பத்தின் அணிக்கு. என்னைக் கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டேன். ஆனால் மதிப்பீட்டைத் தாண்டிய செலவு முழுவதும் அணியைச் சேர்ந்தது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். 140 கோடி என்று தொடங்கிய ஸ்டேடியம் 200 கோடியைத் தாண்டியது. கூடுதல் பில் உரிமையாளருக்குப் போனது.

அன்புடன்