வாசகர் கேள்வி பதில்: பதினாறாம் நாள் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: அப்பா போன வாரம் காலமானார். உயில் இல்லை. வங்கி, பென்ஷன், முனிசிபாலிட்டி என்று யாருக்கு முதலில் சொல்வது? பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்கிறார்கள் பெரியவர்கள்.
– வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: ஆழ்ந்த அனுதாபங்கள் அம்மா. காரியம் அதன் போக்கில் நடக்கட்டும், காகித வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். மரணத்தை மாஸ்டர் அலுவலகத்துக்கு (இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் உயர்நீதிமன்ற அலுவலகம்) தெரிவிக்கச் சட்டம் தரும் அவகாசம் 14 நாள்தான். பதினாறு முடியும்போது அது தாண்டிவிடும்.

முதல் காகிதம் டிஎச்ஏ-1663, மரணத்தைப் பதிவு செய்யும் படிவம். டாக்டர் எழுதுவது; பெரும்பாலும் அடக்க ஏற்பாட்டாளரே ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகம்) கொடுத்துவிடுவார். கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிள்ளை, நாயக்கர் போன்ற நம் குடும்பப் பெயர்களில் ஐடி அட்டையில் ஒரு எழுத்தும் கல்யாணச் சான்றிதழில் வேறு எழுத்தும் இருப்பது சகஜம். ஐடியில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். 13 இலக்க ஐடி எண்ணையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். இங்கே விழும் பிழை வங்கி, பென்ஷன் என்று போகிற இடமெல்லாம் கூடவே வரும்.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் பத்துப் பிரதிகளுக்குச் சான்றொப்பம் வாங்குங்கள், காசு கிடையாது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முத்திரையைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை, அதனால் அதற்கு மேல் மொத்தமாக வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம்.

மாஸ்டருக்கு ஜே294 மரண அறிவிப்பு, ஜே243 சொத்துப் பட்டியல், உயில் இல்லாததால் உறவினர் விவரத்துக்கு ஜே192. சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் எளிய அதிகாரக் கடிதம் போதும். மேலே போனால் எக்ஸிக்யூட்டர் (சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுப்பவர்) நியமனம். அந்தக் கடிதம் வரும்வரை வங்கி பணத்தை விடாது.

வங்கிக்குச் சொன்ன உடனே கணக்கு முடங்கும், டெபிட் ஆர்டர்களும் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகைகள்) நிற்கும். ஆகவே முதலில் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, அதில் போகும் ஒவ்வொரு தொகையும் எதற்கு என்று குறியுங்கள். அம்மாவும் சேர்ந்துள்ள ஃப்யூனரல் பாலிசி, வீட்டு இன்சூரன்ஸ் எல்லாம் பிரீமியம் நின்றால் காலாவதியாகும்; வேறு கணக்குக்கு மாற்றுங்கள். மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்புத் திட்டம்) அப்பா முதன்மை உறுப்பினர் என்றால் அம்மாவை அந்த இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்பாவின் கார்டில் ஒரு ராண்ட் கூட எடுக்கக் கூடாது, அடக்கச் செலவுக்காக இருந்தாலும். 'இன் கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டி' (கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது) முறையில் பதிவான கல்யாணம் என்றால் அம்மாவின் கணக்கையும் முடக்கக்கூடும். கையில் வீட்டுச் செலவுக்கு வழி செய்துகொண்டு பிறகு வங்கிக்குப் போங்கள்.

பென்ஷன் ஃபண்டுக்கு உடனே சொல்லுங்கள், கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். சார்ஸ் (வரித்துறை), முனிசிபாலிட்டி, கார் லைசென்ஸ் எல்லாம் மாஸ்டர் கடிதம் வந்தபின் ஒவ்வொன்றாக. போனில் சொன்னாலும் ஈமெயிலிலும் அனுப்புங்கள்; தேதியும் ரெஃபரன்ஸ் எண்ணும் கையில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் சாவுச் செய்தி போடும்போது முழுப் பிறந்த தேதி வேண்டாம். ஐடி எண்ணின் முதல் ஆறு இலக்கமும் அதுதான், மோசடிக்காரருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வீட்டு விலாசத்தைப் போட்டால், எல்லோரும் தகனத்துக்குப் போகும் நேரத்தில் வீட்டில் ஒருவரை நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. கணவர் இறந்துவிட்டார். எனக்குப் பங்கு உண்டா?
– பீனிக்ஸ், டர்பன்

பதில்: உண்டு. உயில் இல்லாத சொத்தில், ஒரே மனைவியோடு நடந்த இந்துத் திருமணத்தின் துணையும் வாரிசே என்று டர்பன் உயர்நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஜே294-இல் 'மணமாகாதவர்' என்று யாரும் எழுதிவிடாமல் பாருங்கள். புரோகிதர் கடிதம், கல்யாணப் படங்கள், சடங்குக்கு இருந்த இருவரின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: பாட்டி இறந்த அடுத்த மாதமும் சாஸா (அரசு சமூக உதவித்தொகை நிறுவனம்) பணம் வந்தது. எடுக்கலாமா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கூடாது. இறந்த மாதத்தின் கடைசி நாளோடு உதவித்தொகை முடிகிறது. இறப்புச் சான்றிதழோடு சாஸா அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லி, சொன்னதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள்.