தபாலில் கோழிக்குஞ்சு வருமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்க ஆசை. அமெரிக்காவில் தபாலிலேயே குஞ்சு அனுப்புகிறார்கள் என்கிறான் என் மகன். நாமக்கல் பக்கமிருந்து அப்படி வரவழைக்கலாமா டாக்டர் ஐயா? வழியில் பசியால் செத்துப்போகாதா?
– வெலிங்டன் வாசகி, நீலகிரி

பதில்: மகன் சொல்வது உண்மைதான் அம்மா. அங்கே 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளைத் தபாலில் ஏற்றுக்கொள்கிறார்கள். பொரித்த 72 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. ஓட்டை உடைத்து வெளியே வருமுன், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதுதான் அதன் கட்டுச்சோறு. ஆனால் நம் தபால் நிலையத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள், ஏற்க மாட்டார்கள். பொரிப்பகத்து வண்டியோ, தெரிந்தவர் காரோதான் வழி.

ஆகவே பசியை விடுங்கள். குஞ்சு சாவது மூச்சு முட்டி, இல்லையென்றால் குளிரில். இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடும் பாதை நம்முடையது. மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக் கொட்டும்; 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குன்னூர் வருவதற்குள் பல் கிட்டித்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே 100 குஞ்சுகளை ஜீப்பில் கொண்டுவந்தேன். பர்லியாறு தாண்டியதும் மூடுபனி. பதறிப்போய்க் கம்பளியால் பெட்டியை நாலாபக்கமும் போர்த்தினேன். வீட்டில் திறந்தபோது அட்டையின் உட்புறம் நனைந்திருந்தது. ஒரு மூலையில் 31 குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. மேலே கிடந்தவற்றின் கழுத்து மயிர்கூட ஈரம். குளிருக்குப் பயந்து, காற்றுப் போகும் ஓட்டைகளை நானே அடைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவம் படித்தவன் செய்த காரியம் அது!

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். போர்வையை மேலே மட்டும் போடுங்கள், பக்கத்து ஓட்டைகள் திறந்தே இருக்கட்டும். அறை அறையாகத் தடுத்த பெட்டி கேளுங்கள். வளைவில் வண்டி சாயும்போது எல்லாம் ஒரே மூலைக்கு உருளாது. டிக்கியில் வேண்டாம், இருக்கையில் சமமாக வையுங்கள். விடியற்காலையில் கிளம்பச் சொல்லுங்கள்.

குஞ்சு வருவதற்கு முந்தைய நாளே உமி பரப்பி, மேலே செய்தித்தாள் விரித்து, பல்பு எரியவிட்டுப் பாருங்கள். முதல் வாரத்துக்கு 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு தேடுங்கள். சமவெளியில் குஞ்சுக்கு 2 வாட் என்பார்கள். நம் ஊருக்கு நான் இரட்டிப்பாக வைப்பேன். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடினால் சுடுகிறது. தெர்மாமீட்டரைவிட நான் நம்புவது இதைத்தான்.

வந்ததும் வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரில் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தொட்டு எடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம். ஐம்பதுக்கும் அலகு தொட முதுகு வலிக்கும், மகனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வளர்ந்த சேவல் ஒன்றைக் கோத்தகிரியிலிருந்து மதுரையில் தங்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். காலைக் கட்டிச் சாக்கில் போட்டால் போதுமா?
– கோத்தகிரி வாசகர்

பதில்: போதாது. காலைக் கட்டித் தலைகீழாய்த் தூக்குவது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கமில்லை. இதற்குக் கட்டுச்சோறும் கிடையாது. நின்று திரும்ப இடமுள்ள மூங்கில் கூடையில், அடியில் வைக்கோல் போட்டு அனுப்புங்கள். மலை இறங்கியதும் வெயில் பிடிக்கும், இடையில் தண்ணீர் காட்ட ஆள் கூடவே போகட்டும். தங்கை வீட்டில் வேறு கோழிகள் இருந்தால் இரண்டு வாரம் தனியே அடைத்து வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் எந்தக் கோழியோடு வரும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.