கதிரையை யன்னலால் எறிவது எப்படிச் சிற்பமாகும்?

கிளிநொச்சியில் சித்திரம் படிக்கும் தம்பி ஒருவர், ரோமன் சிக்னரின் வேலைகளைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறார்.

தம்பி, 1938இல் பிறந்த இந்தச் சுவிஸ் கலைஞருக்கு நேரமும் ஒரு மூலப்பொருள். மற்றதெல்லாம் குடை, பலூன், சைக்கிள், வாளி. 1989இல் அப்பென்செல்லிலிருந்து சென் காலன் வரை (உங்கள் சுவிஸ் சொந்தங்களுக்குத் தெரிந்த ஊர்தான்) ஏறக்குறைய 20 கிலோமீற்றருக்குத் திரி போட்டுப் பற்றவைத்தார். 35 நாள் எரிந்தது. கணக்குப் பார்த்தால் மணிக்கு 24 மீற்றர்தான். நெருப்பு ஊர்ந்துபோன அந்த நாட்களேதான் சிற்பம். எஞ்சியவை படங்களும் ஒளிப்பதிவும்.

அவர் வெடிமருந்தும் பாவிப்பார். வன்னியில் வளர்ந்தவருக்கு அதைப் பார்க்க நெஞ்சு பதறும், அது நியாயம்தான். அதனால் முதலில் தண்ணீர், காற்று, பலூன் வைத்துச் செய்தவற்றைப் பாருங்கள்.