பேத்திக்குப் பலகாரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை?

கேள்வி: எனக்கு 66 வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவள். இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறேன். என் சின்ன வயதில் பலகாரம் என்றால் தீபாவளி, பொங்கல், கோயில் கொடை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் முறுக்குச் சுடும் வாசனை வந்தால் அந்த வாசலில் போய் நின்றிருக்கிறேன். என் பேத்தி அப்படி எதற்கும் ஏங்கிவிடக் கூடாது என்று, அவள் கேட்கும்போதெல்லாம் பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட் என்று வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு 7 வயது. போன மாதம் பல் டாக்டர் பார்த்துவிட்டு 4 பல் சொத்தை என்றார். அன்றிலிருந்து மருமகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இனி ஒரு பாக்கெட்கூட வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறாள். பாசத்தில் செய்தது தப்பா? நாங்களும்தானே தின்றோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? எனக்குச் சர்க்கரை வந்ததே 58 வயதுக்கு மேல்தான்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் சட்டென்று போக முடியவில்லை. அப்படி நின்ற பிள்ளை ஆச்சியான பிறகு, பேத்தி கேட்டதும் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பாசத்தைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "நாங்களும்தானே தின்றோம்" என்கிறீர்களே, அதை மட்டும் நாம் உட்கார்ந்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடலாம்.

1960களில் உங்கள் ஊரில் வருஷத்துக்கு எத்தனை நாள் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது? கரிசல் காட்டில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலி, இவைதான் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச்சோறே விசேஷத்துக்குத்தான். தீபாவளி அன்று விடிய எழுந்து குளித்துவிட்டு இட்லியும் தோசையும் தின்பதற்காக வருஷம் முழுக்கக் காத்திருந்த வீடுகள் அந்தப் பக்கம் ஏராளம். அந்த நாளில் இட்லியே பலகாரம். இன்று பேத்தியிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாள், ஆனாலும் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு நிலைமை அதைவிடக் கொஞ்சம் மேல். ஆனாலும் முறுக்கு என்பது ஒரு வாரத்து வேலை. அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, உளுந்தை வறுத்துத் திரித்து, அதற்குப் பிறகுதான் அடுப்பே மூட்டுவார்கள். பிழிய ஓர் ஆள், சட்டியில் திருப்ப ஓர் ஆள் வேண்டும் என்பதால், தெருவில் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று முறை வைத்துச் சுட்டார்கள். அம்மா எல்லாவற்றையும் பெரிய டின்னில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடுவார். பத்துப் பன்னிரண்டு நாளில் அடியில் தூள்தான் கிடக்கும். அந்தத் தூளையும் நாங்கள் விட்டதில்லை. அந்தப் பத்து நாளில் தின்றது கொஞ்சநஞ்சம் இல்லை. காலையில் அதிரசம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முறுக்கு, ராத்திரி யாருக்கும் தெரியாமல் இன்னும் ஒன்று. அளவோடு தின்றோம் என்று என் வயதுக்காரர்கள் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டின் காலியானது, அதனால் நிறுத்தினோம்.

இதை ஏதோ அந்தக் காலத்து மனிதர்களின் கட்டுப்பாடு என்று பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து இறங்கினால்தான் சாப்பாடு என்று நாடு திணறிய வருஷங்கள் அவை. பிள்ளைகள் ஏங்கியதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பேத்திக்கு அந்த ஏக்கம் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தது முழுக்கச் சரி.

சரி, நடுவில் வாய்க்கு ருசியாக எதுவுமே இல்லையா? இருந்தது. சந்தைக்குப் போன அப்பா மடித்த காகிதத்தில் கொஞ்சம் சேவும் நாலு கருப்பட்டி மிட்டாயும் கொண்டுவருவார். வீட்டில் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் அந்த ஒரு பொட்டலம்தான். மற்ற நாளில் அவித்த நிலக்கடலை, சீனிக்கிழங்கு, பனங்கிழங்கு, மொச்சை, பொரிகடலையோடு ஒரு துண்டு கருப்பட்டி. அந்தந்தப் பருவத்தில் விளைந்தது அந்தந்தப் பருவத்தில் வாய்க்கு வந்தது. ஆக, எண்ணெயில் பொரித்ததும் பாகில் போட்டதும் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை, சந்தைப் பொட்டலம் வாரத்துக்கு ஒரு தடவை.

இப்போது பேத்தியின் ஒரு நாளை எண்ணுங்கள். காலையில் பாலோடு பிஸ்கட், பள்ளிக்கூட டப்பாவில் ஒரு கேக், சாயங்காலம் சிப்ஸ், ராத்திரி ஒரு சாக்லேட். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு வருஷத்தில் தொட்ட தடவைகளை அவள் ஒரு மாதத்துக்குள் தாண்டிவிடுகிறாள். இதற்கு நீங்களோ அவளோ மட்டும் காரணம் இல்லை. 1990களின் நடுவில் வெளிநாட்டுச் சமையல் எண்ணெய்க்கு நம் அரசு கதவைத் திறந்துவிட்டது. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பாமாயில் வந்து குவிந்தது. இன்று நாம் செலவழிக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். எண்ணெயும் சீனியும் மைதாவும் மலிவாகி, இடிக்கவும் சலிக்கவும் ஆள் தேவையில்லாமல் போய், 5 ரூபாய்ப் பாக்கெட்டாகத் தெருமுனைக் கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. இந்த டின் காலியாவதே இல்லை.

பல் விஷயத்தில்தான் இந்த 'எத்தனை தடவை' என்பது ரொம்ப முக்கியம். இனிப்போ மாவுப் பண்டமோ வாயில் பட்டதும், பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலம் சுரக்கின்றன. அந்த அமிலத்தை எச்சில் கழுவிச் சரிசெய்ய அரை மணி நேரமாவது ஆகும். ஒரே நேரத்தில் 4 மிட்டாய் தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே நாலை மணிக்கு ஒன்றாகத் தின்றால் நாலு தாக்குதல், நடுவில் பல்லுக்கு ஓய்வே கிடையாது. பிஸ்கட்டும் சிப்ஸும் பல் இடுக்கில் கூழாக ஒட்டிக்கொண்டு வெகு நேரம் கிடக்கும். உறைப்புப் பண்டம்தானே என்று விட்டுவிட முடியாது. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடுவதால், ராத்திரி சாக்லேட்தான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். இந்த ஒன்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்றும் இருந்துவிடாதீர்கள். 6 வயதை ஒட்டி முளைக்கும் கடைவாய்ப் பல் விழுந்து முளைப்பது இல்லை, ஆயுசுக்கும் அதுதான். அதில் சொத்தை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் சர்க்கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எதனால் வந்தது என்று நான் சொல்லக் கூடாது, அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்டு மூன்று வேளை டீ குடித்தாலே அந்த 25 கிராம் முடிந்துவிடும். அதற்கு மேல் தொடுகிற பிஸ்கட்டெல்லாம் உபரி. 7 வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு இன்னும் குறைவு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. அந்த 10 கோடிக்கும் பலகாரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, மூன்று வேளை வெள்ளைச் சோறும் நடக்காத உடம்பும் அதில் உண்டு. உங்கள் மருமகள் மிரண்டுபோயிருப்பது இதையெல்லாம் தினம் படிப்பதால்கூட இருக்கலாம். அவர் முகம் கொடுக்காததைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்த தாய் அப்படித்தான் இருப்பாள்.

அதே நேரம், ஒரு பாக்கெட்கூட வரக் கூடாது என்கிற அவருடைய முடிவு நிலைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. வகுப்பில் பக்கத்துப் பிள்ளை டப்பாவைத் திறக்கும்போது உங்கள் பேத்தி என்ன செய்வாள்? 60 வருஷம் முன்னால் நீங்கள் போய் நின்ற வாசலில்தான் அவளும் போய் நிற்பாள். இதை மருமகளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்ல வேண்டாம். "நான் கொடுத்தது அளவு மீறிப் போச்சும்மா, எனக்குத் தெரியலை" என்று முதலில் சொல்லுங்கள். வயதில் பெரியவர்கள் இறங்கி வந்து இதைச் சொன்னால், பாதிச் சிக்கல் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் அந்த வாசல் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் ஏன் அப்படி வாங்கிக் கொடுத்தீர்கள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாமலே இருக்கலாம்.

வீட்டில் மறுபடியும் ஒரு சந்தை நாள் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பேத்தியின் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போங்கள். அவளே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒன்றே ஒன்று, இனிப்போ காரமோ அவள் இஷ்டம். வாங்குமுன், பாக்கெட்டின் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அச்சடித்திருப்பதை அவளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். வாங்கியதை மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னட்டும், கையோடு வாயைக் கொப்பளிக்கட்டும். மற்ற ஆறு நாளும் சாயங்காலப் பசிக்குச் சுண்டல், அவித்த கடலை, சீனிக்கிழங்கு, ஒரு பழம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நம்ம ஊர்ச் சரக்கு, 2020இல் புவிசார் குறியீடே வாங்கியது, அதைத் தினமும் கொடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கடலை நல்லதுதான். ஆனால் வெல்லமும் சர்க்கரைதான், அதுவும் பல்லில் பசை மாதிரி ஒட்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கிலேயே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் அழுவாள். உங்களுக்குத்தான் அது ரொம்ப வலிக்கும். அந்த நேரத்தில் அவளைத் தனியாக விடாதீர்கள், மடியில் போட்டுக்கொண்டு ஊர்க் கதை ஏதாவது சொல்லுங்கள். இத்தனை நாள் அவள் உங்களிடம் ஓடி வந்தது பாக்கெட்டுக்காக மட்டும் இருக்காது.

அடுத்த தீபாவளிக்குக் கடையில் பெட்டி வாங்காமல் நீங்களே அதிரசம் சுடுங்கள். மருமகள் பாகு காய்ச்சட்டும், பதம் நீங்கள் பாருங்கள், பேத்தி மாவைத் தொட்டுப் பார்க்கட்டும். அதிரச மாவைப் பிசைந்த அன்றே சுட முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? இரண்டு மூன்று நாள் பானையில் கிடந்து புளித்து இளக வேண்டும். அந்த மூன்று நாளும் பேத்தி பானைப் பக்கம் வந்து "இன்னைக்கா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "இன்னும் இல்லம்மா, நாளைக்கு" என்று சொல்லி, துணியை விலக்கி அவளுக்கு ஒரு தடவை மோந்து பார்க்கக் காட்டுங்கள்.