ஃப்ரிஜிட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் சிறுகதையைத் தோழி ஒருத்தி ‘ஃப்ரிஜிட்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அகராதியில் கடுங்குளிர், உணர்ச்சியின்மை ஆகியவற்றோடு பெண்களைக் கூச வைக்கும் ஒரு பொருளும் இருக்கிறது. உறைபனியின் கொடுங்கரங்கள் என் இளநெஞ்சை இறுக்க, வெந்துயரில் விம்முகிறேன். உணர்ச்சியைக் கொட்டி எழுதிய கதைக்கு இச்சொல் எப்படிப் பொருந்தும்? இது ‘ஃப்ரீஸ்’ என்பதிலிருந்து பிறந்ததா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

‘ஃப்ரீஸ்’ ஜெர்மானிய வழிச் சொல், இதற்கு உறவில்லை. லத்தீனில் ‘ஃப்ரிகுஸ்’ என்றால் குளிர், ‘ஃப்ரிகிதுஸ்’ என்றால் குளிர்ந்தது. பின்னது ஆங்கிலத்தில் ‘ஃப்ரிஜிட்’ ஆயிற்று. ரெஃப்ரிஜிரேட்டரும் அந்தக் குடும்பம்தான். லத்தீனில் ஏறத்தாழ இதே ஒலியுடைய இன்னொரு வினைச்சொல்லுக்கு வறுத்தல் என்று பொருள், ஆங்கில ‘ஃப்ரை’ அதன் வழிவந்தது என்பதை வேடிக்கைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

உங்களைக் கூச வைத்த பொருளுக்காக நீங்கள் கூச வேண்டியதில்லை. 1234-இல் போப் ஒன்பதாம் கிரிகோரி வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில் ‘குளிர்ந்தவர்கள்’ பற்றி ஒரு தலைப்பே உண்டு. அங்கே அச்சொல் முதன்மையாகச் சுட்டியது மண உறவுக்கு இயலாத ஆண்களை. அந்தப் பழியைப் பெண்கள் தலையில் ஏற்றிவைத்தது பிற்கால மருத்துவம்.

உங்கள் கடிதம் வந்த வேளையில் நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறொரு குளிரைப் பற்றி. எழுத்தின் குளிர்ச்சியைப் பற்றி அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றிய தம் ‘ரெட்டரிக்’ நூலின் மூன்றாம் பகுதியில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். நடை குளிர்ந்துபோவதற்கு அவர் சொல்லும் காரணங்கள் நான்கு: ஒட்டவைத்த கூட்டுச்சொற்கள், வழக்கில் இல்லாத அரிய சொற்கள், நீளமான அல்லது இடம் பொருந்தாத அல்லது அளவுமீறிய அடைமொழிகள், பொருந்தாத உருவகங்கள். உணர்ச்சிக் குறைவு இந்த நான்கில் ஒன்றாகக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். குளிர்ச்சிக்குக் காரணம் மிகை என்பதே அவர் கட்சி, என் கட்சியும் அதுதான். அல்கிதாமஸ் என்ற பேச்சாளர் வியர்வை என்று சொன்னால் போதுமான இடத்தில் ‘ஈர வியர்வை’ என்று எழுதினாராம். அடைமொழியை அவர் தாளிதமாக அல்ல, உணவாகவே பரிமாறுகிறார் என்று அரிஸ்டாட்டில் இடித்துரைக்கிறார். லோங்கினுஸ் என்பவர் பெயரால் வழங்கும், உன்னத நடை பற்றிய பழைய கிரேக்க நூலும், அளவுமீறி இழைத்து இழைத்துச் செய்த எழுத்து குளிர்ச்சியில்தான் போய் முடியும் என்கிறது. இந்தப் பொருள் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கும் வந்து சேர்ந்தது. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில், கற்பனையின் அனல் இல்லாத மந்தமான எழுத்தும் ‘ஃப்ரிஜிட்’தான்.

இப்போது உங்கள் வரிக்கு வாருங்கள். ‘உறைபனியின் கொடுங்கரங்கள் என் இளநெஞ்சை இறுக்க, வெந்துயரில் விம்முகிறேன்.’ பனிக்கு எதற்குக் கரம்? கரத்துக்கு எதற்குக் கொடுமை? ஒரே வாக்கியத்தில் உறைந்துகொண்டே வேகவும் முடியுமா, அம்மா? தோழியின் ஒரு சொல் உங்களைப் புண்படுத்தியது என்பது உண்மை, அதை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்த வலியை நான் தொடுவதற்குள் இத்தனை அலங்காரங்களைக் கடந்துவர வேண்டியிருக்கிறது. தமக்கு நிகழ்ந்ததை வாசகர் தாமாகவே உணர்வார் என்று நம்பாதவர்கள்தாம் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் காவலாக ஓர் அடைமொழியை நிறுத்துகிறார்கள். மாறாக, ‘ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்’ என்று எழுதினீர்களே, அதில் ஒரு அடைமொழியும் இல்லை. கடிதத்தில் என்னைச் சுட்ட ஒரே இடம் அது. அப்படி எழுதத் தெரிந்தவர் மற்றதை ஏன் எழுதினார் என்பதுதான் என் கோபம்.

கதையை நீங்கள் அனுப்பவில்லை. ஆகவே தோழி எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவரிடமே கேளுங்கள். கேட்பதற்கு முன் அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்ட ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.