மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கடைவீதி நடை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையின் பழைய கடைவீதிகளை நடந்தே பார்க்க விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

ஒரே ஒரு சனிக்கிழமைதான் மதுரையில் இருப்போம். கோயிலையும் கைத்தொழில் தெருக்களையும் அரை நாளில் பார்த்துவிடலாமா? எங்கே தொடங்குவது? (வாசகி, ஈரோடு)

பார்த்துவிடலாம். ஆனால் கோயிலை முதலில் முடித்துவிடுங்கள். காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30க்கு நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு. கடைகளோ பத்து மணிக்கு முன்னால் முழுதாகத் திறப்பதில்லை. அதனால் 6.30க்குக் கோயில், 8.30க்குப் பலகாரம், 9.30க்குக் கீழக்கோபுர வாசலில் கடைவீதி நடை என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, கடைகளில் நேரத்தை விட்டுவிட்டு, சாத்திய கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

செருப்பை எந்தக் கோபுர வாசலில் விட்டீர்களோ அதே வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நான்கு கோபுரங்களும் உள்ளிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசல் மாறி வந்தால் வெயிலில் காய்ந்த சித்திரை வீதிக் கல் தரையில் வெறுங்காலோடு சுற்றி வர வேண்டியிருக்கும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்துவிட்டது. குழுவாகப் போகிறவர்கள் வெளியே சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நடைக்கான வழி: கீழக்கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். அதற்குக் கிழக்கே ஏழுகடல் தெரு. பெயர் தந்த குளம் இப்போது இல்லை. தெருவைத் தாண்டினால் திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்ட ராயகோபுரம்; அடித்தளம் மட்டும்தான், அதன் இடுக்குகளிலும் கடை. அங்கிருந்து அம்மன் சன்னதிக்கு நேர்க் கிழக்கே விட்டவாசல், பாண்டியர் கோட்டையின் மிச்சம். பிறகு வெங்கலக்கடைத் தெரு, கீழமாசி வீதியின் மளிகை மொத்தக் கடைகள், விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, கடைசியில் திருமலை நாயக்கர் மகால். நகை பார்க்க வேண்டுமானால் தெற்காவணி மூல வீதிக்குத் தனியாக வந்துகொள்ளலாம், இந்த நடையில் சேர்க்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பூட்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் விளக்குத்தூண் பக்கம் நடையே நடக்காது, கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். சித்திரை, வைகாசி வெயிலில் நடையை மாலை நாலரைக்குத் தொடங்குங்கள்.

எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே புரிவதில்லை. எல்லாம் மாதப் பெயராக இருக்கிறதே? (வாசகர், நாகர்கோவில்)

கோயிலை நடுவில் வைத்து ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரங்கள். உள்ளே ஆடி, வெளியே சித்திரை, பிறகு ஆவணி மூலம், பிறகு மாசி, கடைசியில் வெளி வீதி. அந்தந்த மாத விழாவில் சாமி வலம் வந்த வீதி என்பது பெயர்க்காரணம். இன்று சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில். வெளி வீதிகள் மட்டும் புதியவை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது வந்தவை. விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்பதுதான். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களும் அந்த வேலையில் இருந்தவர்களுடையவை.

வழி கேட்கும்போது வெறுமனே "மாசி வீதி" என்றால் பதில் வராது. கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று திசையைச் சேர்த்துக் கேளுங்கள். கீழ என்றால் கிழக்கு, பள்ளம் அல்ல. வடம்போக்கித் தெரு என்று பார்த்தால், தேர் மூலை திரும்பும்போது வடத்தை நீட்டிப் பிடிக்க விட்ட தெரு என்று புரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் தேர் வீதியின் முனை இருக்கும்.

புது மண்டபத்துத் தையல்காரர்கள் இப்போதும் அங்கே இருக்கிறார்களா? வீட்டு அம்மன் சிலைக்குப் பாவாடை தைக்க வேண்டும். (வாசகி, திண்டுக்கல்)

மண்டபத்துக்குள் இல்லை. தூண்களையும் சிற்பங்களையும் காப்பதற்காகக் கடைகளை அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரம் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தையல் இயந்திரமும் பாத்திரமும் வளையலும் நெருக்கியடித்த பழைய காட்சியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். எங்களுக்கும் அது குறைதான், ஆனாலும் நாயக்க மன்னர் சிலைகள் பாவாடைத் துணிகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்த காலத்தைவிட இது மேல்.

சிலைக்குத் துணி தைக்கக் கொடுப்பதில் தவறு நடப்பது அளவில்தான். "ஒன்றரை அடிச் சிலை" என்று மட்டும் சொன்னால் பீடத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள்; பாவாடை தரையில் புரளும், விளக்குக்குப் பக்கத்தில் அது ஆபத்து. மூன்று அளவு கொண்டுபோங்கள்: இடுப்பிலிருந்து பீடத்தின் மேல்விளிம்பு வரை உயரம், இடுப்புச் சுற்று, பாதத்துக்கு அருகே விரிவு வேண்டிய சுற்று. வளைந்த இடத்தில் இரும்பு டேப் சரியாகப் படியாது. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அந்த நூலையே கொடுத்துவிடுங்கள். சிலைக்குப் பின்னால் திருவாசி (வளைவு) இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பின்பக்கம் திறந்து நாடா வைத்துத் தைப்பார்கள், இல்லாவிட்டால் தலைவழியாகப் போடவே முடியாது.

சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இவர்கள் கை அழகர் வேலையில் இருக்கும்: தண்ணீர் பீய்ச்சும் வேண்டுதல்காரர்களுக்குச் சல்லடம் (அரைக்கால் சட்டை), உருமால் (தலைத்துணி), கோயில்களுக்குத் தேர்ச்சீலை, தொம்பை (உருளையாகத் தொங்கும் அலங்காரத் துணி). அந்தச் சமயத்தில் வீட்டுச் சிலைப் பாவாடை வரிசையில் கடைசிக்குப் போய்விடும். தை மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது.

உண்மையான சுங்குடிச் சேலை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கடையிலும் "ஒரிஜினல்" என்கிறார்கள். (வாசகி, சென்னை)

இன்று கடையில் தொங்குவதில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்துச் சாயம் போட்டது அல்லது வெறும் அச்சு. அவற்றையும் மதுரையில்தான் செய்கிறார்கள், உடுத்தவும் நன்றாகவே இருக்கும். முடிச்சுச் சுங்குடி விலை கொடுத்து வாங்காத வரை தப்பில்லை. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் அடையாளம் கையால் போட்ட முடிச்சு. துணியில் புள்ளி குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி நூல் சுற்றி இறுக்குவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பிறகு சாயத் தொட்டி. நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது, நுனி மட்டும் வெளியே நிற்பதால் அதில் ஏறிவிடும்.

அதனால்தான் புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்கிறோம். வெள்ளை வளையம், அதன் நடுவே கடுகளவு நிறப் பொட்டு. வளையம் கோணலாக இருக்கும், ஒன்றுபோல் இன்னொன்று இராது. விரலால் தடவினால் சிறு மேடு தட்டுப்படும். மெழுகு வேலையில் புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தட்டையாக இருக்கும், சில இடத்தில் மெழுகு வெடித்த மெல்லிய கோடுகள் ஓடியிருக்கும். வெறும் அச்சு என்றால் புரட்டிப் பார்த்ததும் தெரிந்துவிடும், பின்பக்கம் வெளிறியிருக்கும்.

கடையில், "அண்ணே, முடிச்சு அவிழ்க்காத சேலை இருக்கா?" என்று கேளுங்கள். இருந்தால் சுருங்கிச் சுருண்ட ஒரு பொட்டலத்தை எடுத்துப் போடுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தால் நூல்கள் படபடவென்று அறுந்து புள்ளிகள் விரியும். இதைவிட நல்ல சான்று இல்லை. பத்துத்தூணைச் சுற்றிய ஜவுளிக் கடைகளிலும், இந்தத் தொழிலைச் செய்துவரும் சௌராஷ்டிரர்கள் நெடுங்காலமாக வாழும் மகாலை ஒட்டிய தெருக்களிலும் விசாரியுங்கள்.

முதல் சலவையில்தான் பலர் சேலையைக் கெடுப்பது. அரை வாளி குளிர்ந்த நீரில் ஒரு கைப்பிடி கல் உப்பைக் கரைத்து, தனியாகப் பத்து நிமிடம் வைத்து அலசி, உடனே நிழலில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் அரக்கும் கருநீலமும் வெள்ளைப் புள்ளிக்குள் இறங்கிவிடும். அந்தக் கறை பிறகு போகாது.

வெண்கலப் பானை என்று சொல்லிப் பித்தளையைத் தந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகர், கரூர்)

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம், துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. மணிக்கு வார்க்கும் வெண்கலத்தில் கிட்டத்தட்ட 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். பானையை விரல் நுனிகளில் ஏந்தி விளிம்பைச் சுண்டுங்கள். வெண்கலம் மணிபோல் நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். விரிசல் விட்ட வெண்கலமும் மந்தமாகத்தான் ஒலிக்கும், ஆகவே அந்தச் சோதனை இரண்டுக்கும் உதவும்.

விலை எடைக்கு. செய்கூலி சேர்ந்ததா, தனியா என்பதை நிறுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பழைய பாத்திரத்தை மாற்றுக்குக் கொண்டுபோனால் இரும்புக் கைப்பிடி, ஈயப்பற்று இவற்றுக்குக் கழிப்பார்கள். அது நியாயமான கழிவு. வெறும் பானையை அடுப்பில் காய விடாதீர்கள், சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்; வெண்கலம் வெடிக்கும். பித்தளை வாங்கினால் புளி, மோர் சேரும் சமையலுக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும்.

வழிகாட்டி வைத்துக்கொள்வது அவசியமா? (வாசகர், கோலாலம்பூர்)

தமிழ் தெரிந்த உங்களுக்குக் கடைவீதிக்கு அவசியமில்லை. சிற்பங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். சுற்றுலாத் துறை அடையாள அட்டையைப் பாருங்கள். எத்தனை மணி நேரம், எந்தெந்தத் தெரு, கடைக்குள் கூட்டிப்போவது உண்டா இல்லையா என்ற மூன்றையும் தொகை பேசும்போதே முடித்துவிடுங்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் சந்துகளில் பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. கோபுரத்துக்கு அருகே "மாடியிலிருந்து கோயிலை இலவசமாகப் பார்க்கலாம்" என்று யாராவது கூப்பிட்டால், மாடிக்குப் போகும் வழி ஒரு கைவினைக் கடைக்குள்தான் போகும். காட்சி நன்றாகவே இருக்கும், வாங்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

மல்லிகைப்பூவை ஊர்வரை வாடாமல் கொண்டுபோக முடியுமா? (வாசகி, சேலம்)

நடை முடிந்து பஸ் ஏறும் முன்பு வாங்குங்கள், காலையில் வேண்டாம். விரியாத, காம்பு பச்சையாக உள்ள மொட்டாகப் பார்த்து வாங்கி, வாழை இலையில் சுற்றி, நனைத்துப் பிழிந்த துணியில் பொதிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து, இதழ் ஓரம் பழுத்துவிடும். பங்குனி முதல் ஆனி வரை பூ மலிவு. மார்கழியில் கிலோ ஆயிரங்களில் ஏறும். அப்போது ஒரு முழம் போதும்.